ராஜரத்தினம் தட்டிய இதழ்கள்

மெல்பேர்னுக்கு மேற்கே டார்னெய்ட் பக்கமெல்லாம் அப்போது வெறும் ஆட்டுப் பண்ணைதான். அந்தப் புல்வெளிகளுக்கு இப்பால், ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகைகளில் விமான இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ராஜரத்தினம் அங்கே வெல்டர். வெள்ளைக்காரர்கள் அவரை ராஜ் என்றார்கள். முழுப் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர் கைவேலையைப் பற்றிப் பேச மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

பேசுவதற்குக் காரணமும் இருந்தது. விமான இயந்திரத்தின் நெருப்பறையிலிருந்து சீறி வரும் காற்றை டர்பைன் சக்கரத்தின் மேல் சரியான கோணத்தில் திருப்பிவிட, வட்டமாகச் சின்னச் சின்ன உலோக இதழ்கள் நிற்கும். விரல் நீளம் இருக்கும்; வாழைப்பூ மடலைப் போல ஒரு வளைவு. நிக்கலோடு அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்து வார்த்தவை. இரும்பு சிவந்து தொய்ந்துவிடும் சூட்டிலும் விறைப்பாக நிற்பவை. ஓடி ஓடி ஓரத்தில் விரிசல் கண்டுவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். அது கப்பலேறி வந்து சேர மாதக்கணக்காகும், அதுவரை விமானம் தரையில் கிடக்கும். விரிசலை வெல்டு செய்து அதே இதழைத் திரும்பப் போட முடிந்தால் பட்டறைக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் அந்த உலோகம் லேசில் மசியாது. எந்த அலுமினியமும் டைட்டானியமும் சூட்டில் அதற்குப் பலம் கொடுக்கின்றனவோ, அவைதான் வெல்டிங்கில் அதன் காலை வாரும். உலோகம் என்பது பார்க்கத்தான் ஒரே கட்டி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வெல்டு போடும் சூட்டில், பக்கத்து மணிகளின் விளிம்புகள் மட்டும் முந்திக்கொண்டு உருகிவிடும். போட்ட வெல்டு ஆறிச் சுருங்கும்போது அந்த ஈர விளிம்பைப் பிடித்து இழுக்கும். மயிரிழை போல ஒரு விரிசல் விழும். சரி என்று அதை அரைத்தெடுத்துவிட்டு மறுபடி வெல்டு போட்டால், பக்கத்தில் இன்னொன்று விழும். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் குரோவேஷியாக்காரர் ஒருவரும் அந்தப் பட்டறையில் வெல்டர்களாக இருந்தார்கள். இருவருமே கைதேர்ந்தவர்கள். அவர்கள் வெல்டு செய்த இதழ்களைச் சாயத்தில் முக்கித் துடைத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் விரிசலில் தங்கிய சாயம் பச்சையாக மின்னி அவர்கள் மானத்தை வாங்கும்.

ராஜரத்தினம் வெல்டு செய்தவை மின்னவே இல்லை. விளக்கின் கீழ் கன்னங்கரேலென்று கிடந்தன. மலாயாவில் செந்தூல் ரயில் பட்டறையில் நீராவி இயந்திரங்களின் வார்ப்பிரும்பை ஒட்டவைத்துத் தேர்ந்த கை அது என்று மேலாளர் ஹாலோரன் வருகிற போகிற விருந்தினர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செந்தூல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த வகை இதழ்கள் எல்லாமே ராஜரத்தினத்தின் மேசைக்குத்தான் போயின. உள்நாட்டில் தபாலையும் நோயாளிகளையும் ஏற்றிப் பறக்கும் சின்ன விமானங்களின் வயிற்றுக்குள் அவர் கை பட்ட இதழ்கள் போய் உட்கார்ந்தன.

பட்டறையின் பின்புறம் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அங்கே உதவியாளராக இருந்தவள் விமலாதேவி. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்தவள். நிறத்தைப் பார்த்துக் கதவடைக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா கைவிட்ட மறு வருடமே கணவன் வரதராஜனோடு வந்து இறங்கியவள். அங்கே கணக்காளராக இருந்த வரதராஜனுக்கு இங்கே தபால் பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது உலோகத்தை அறுக்கும் வேலை. அறுத்த துண்டைக் கண்ணாடி போலப் பளபளக்கும்வரை தேய்த்து, அமிலத்தில் காட்டி, நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுக்க வேண்டும். அந்தப் பட்டறையில் எல்லோரும் எதையாவது சரிசெய்தார்கள். அவள் ஒருத்திதான் நன்றாக இருப்பதை அறுத்துப் பார்த்துச் சம்பளம் வாங்கினாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் அவள் தனியாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“புட்டாம்மா அது?”

திரும்பிப் பார்த்தாள். ஐம்பதை நெருங்கும் மனிதர். நெற்றியில் வெல்டிங் முகமூடியின் பட்டை அழுத்திய தழும்பு. வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்டு அவளுக்கு எத்தனையோ காலமாகியிருந்தது.

“ஓம்,” என்றாள். “கொஞ்சம் எடுங்கோவன்.”

அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணை. அவருக்கு அவள் தங்கச்சி. அவர் மனைவி புஷ்பவல்லி வாய் ஓயாமல் பேசுகிறவள், கையும் ஓயாதவள். விமலாதேவிக்கு ரஞ்சினி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைத்துப் போட அந்த ஊரில் வேறு நாதியில்லை. புஷ்பவல்லி இரண்டு பஸ் மாறி வந்து பூண்டும் மிளகும் வறுத்தரைத்துக் கொடுத்தாள். குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டியிருந்தது. விமலாதேவியின் கூடப்பிறந்த அண்ணன் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இருந்தான். ராஜரத்தினம் வேட்டி கட்டிக்கொண்டு வந்து வரவேற்பறைக் கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் இருத்தி, அது வீறிட்டு அழுதபோது தானும் கண்கலங்கினார். பிள்ளை பெறாத மனிதர் அவர். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீட்டில்தான் சாப்பாடு.

ரஞ்சினி ஓடியாடிப் பேசத் தொடங்கிய வருடம், குளிர்காலத்தில் ராஜரத்தினத்தை வெல்டர்களுக்கெல்லாம் தலைவராக்கப் போவதாகப் பட்டறையில் பேச்சு அடிபட்டது. அதுவரை கறுத்த தோல்காரர் ஒருவர் அங்கே எதற்கும் தலைவரானதில்லை. புஷ்பவல்லி விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் விமலாதேவிக்குச் சொன்னாள். இன்னும் நாலைந்து பேருக்கும் அதே மாதிரி சொல்லியிருந்தாள். ராஜரத்தினம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. புதுச் சட்டை ஒன்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் புதிதாக ஒரு விமானக் கம்பெனி இந்த வெல்டிங்கை நம்பலாமா என்று கேட்டது. நம்பலாம் என்று காட்ட ஓர் இதழை அறுத்துப் படமெடுத்து அனுப்பிவிடுவோம் என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் பிரைஸ். மெலிந்து உயர்ந்த, அதிகம் பேசாத மனிதர். சாயப் பரிசோதனையில் தேறி, பெட்டிக்குள் போகத் தயாராக இருந்த இதழ்களில் ஒன்றைத் தானே எடுத்து விமலாதேவியிடம் கொடுத்தார்.

அவள் அதை அறுத்தாள். தேய்த்தாள். அமிலத்தில் காட்டிக் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

வெல்டின் ஓரத்தை ஒட்டி, மணிகளுக்கு நடுவே, கறுப்பு இழைகள் மேலே ஏறியிருந்தன. ஒன்றல்ல, பல. விரிசல்கள்தான், சந்தேகப்பட இடமே இல்லை. மேற்பரப்பைத் தொடுவதற்கு ஒரு நூலளவு முன்பாக ஒவ்வொன்றும் நின்றுபோயிருந்தது. அதற்கு மேலே உலோகம் நசுங்கி, மடிந்து, மெல்லிய தோலாகப் படிந்து விரிசலின் வாயை அடைத்திருந்தது. வாய் அடைபட்டால் சாயம் உள்ளே போகாது. சாயம் போகாவிட்டால் ஊதா விளக்கு எதைக் காட்டும்?

விமலாதேவிக்கு ஒரு சத்தம் ஞாபகம் வந்தது. முன்பொரு நாள் துண்டுகள் வாங்கிப் போக ராஜரத்தினம் வெல்டு போடும் தடுப்புத் திரைக்குள் எட்டிப் பார்த்தபோது கேட்ட சத்தம். டொக், டொக், டொக் என்று மெதுவாக, விட்டு விட்டு. ராஜரத்தினம் இரண்டு நகக்கண் நீளத்துக்கு வெல்டு போடுவார். வெல்டிங் டார்ச்சை வைத்துவிட்டு, தலையைப் புளியங்கொட்டை அளவுக்கு அரைத்துச் சின்னதாக்கிய ஒரு சுத்தியலால், சூடு ஆறுவதற்குள் வெல்டையும் அதன் இரு ஓரங்களையும் தட்டிக்கொடுப்பார். தூங்க மறுக்கும் குழந்தையின் முதுகைத் தட்டுவது போலத்தான் இருக்கும்.

“இது என்னத்துக்கு அண்ணை?” என்று அன்று கேட்டிருந்தாள்.

“வார்ப்பு ஆறும்போது இழுக்கும்மா. தட்டினா இழுப்பு விட்டுக் கொடுக்கும். செந்தூல்ல ரயில் எஞ்சின் சிலிண்டர் வெடிப்பு விட்டு வரும், இப்படித் தட்டித் தட்டித்தான் ஒட்டுவோம். இந்தச் சுத்தியல் அங்கேர்ந்து என்கூடவே வந்தது.”

வார்ப்பிரும்புக்கு அது சரியான வைத்தியம். செந்தூலில் அந்தத் தட்டு இல்லாமல் ஒரு சிலிண்டரும் பிழைத்திருக்காது. இந்த நிக்கல் வார்ப்பில் விரிசல் விழுவது, வெல்டு இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்போதே. சுத்தியல் வந்து சேரும் நேரத்தில் காரியம் முடிந்துபோயிருக்கும். பிறகு விழும் அடியெல்லாம் விரிசலின் வாயைப் பொத்தத்தான் உதவும். பட்டறை விதிகளில் சுத்தியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. விமான இதழைச் சுத்தியலால் தட்டுவான் ஒருவன் என்று யாருக்கும் தோன்றாததால், தட்டாதே என்று எழுதவும் யாருக்கும் தோன்றவில்லை.

விமலாதேவி நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே இருந்தாள். ஸ்காட்லாந்துக்காரரும் குரோவேஷியாக்காரரும் தோற்றதற்கும் அண்ணை ஜெயித்ததற்கும் காரணம் கை அல்ல. மூவருடைய வெல்டிலும் ஒரே விரிசல்தான் விழுந்திருக்கிறது. அவர்களுடையது வாயைத் திறந்துகொண்டு இருந்தது, இவருடையது மூடிக்கொண்டு இருந்தது. இந்த மனிதரின் பெயரும் புகழும் வரப்போகிற பதவியும் அலமாரியில் இருக்கும் புதுச் சட்டையும் அந்த நூலளவு தோலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

டாக்டர் பிரைஸிடம் போய் விரிசல் இருப்பதைச் சொன்னாள். அதை மறைக்க அவளுக்கு எண்ணமே வரவில்லை. அவர் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தவர், சாயம் ஏன் இதைக் காட்டவில்லை என்று கேட்டார். மேல்தோல் மடிந்து மூடியிருக்கிறது என்றாள். எதனால் மடிந்தது என்றார் அவர்.

அந்தக் கணத்தில் அவள் கண்முன் வந்தது ரஞ்சினிக்குக் காது குத்திய நாள்தான்.

“வெல்டின் மேட்டை அரைக்கும் சக்கரமாக இருக்கலாம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “போன மாதம்தானே புதுச் சக்கரம் மாற்றினார்கள்.”

டாக்டர் பிரைஸ் தலையாட்டினார். அரைக்கும் சக்கரம் உலோகத்தை இழுத்து மெழுகிவிடுவது உலகத்தில் நடக்கிற விஷயம்தான். அவர் அவளை நம்பினார். இத்தனை நாளில் அவள் சொன்ன எதுவும் பிழையானதில்லை.

அந்த ஒரு சொல்லால் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும். சக்கரம்தான் காரணம் என்றால் போன மாதத்துக்குப் பிறகு செய்தவை மட்டும் சந்தேகம். அவை இன்னும் வெளியே போகாமல் பட்டறையிலேயே பெட்டியில் கிடந்தன. சுத்தியல் காரணம் என்றாலோ, ராஜரத்தினம் வந்த நாள் முதல் தொட்ட ஒவ்வோர் இதழும் சந்தேகம். அவை பறந்துகொண்டிருந்தன. முதலில் போனவை அடுத்த பழுதுபார்ப்புக்குத் திரும்பி வரும் காலம்கூட இன்னும் ஆகவில்லை. இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே, இனி மட்டும் நடந்துவிடுமா என்று மனம் சமாதானம் சொன்னது. மனத்துக்கு என்ன, கேட்கிறவளுக்குத் தோதாக எதையும் சொல்லும்.

வேலை முடிந்து வாசலில் ராஜரத்தினம் தன் பழைய ஹோல்டன் காரை நிறுத்திக்கொண்டு, வழக்கம்போல் அவளை வீட்டில் இறக்கிவிடக் காத்திருந்தார். கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவள் ரயிலில் போனாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. வரதராஜன் என்னவென்று கேட்டான்; தலையிடி என்றாள்.

மறுநாள் காலை ஹாலோரனின் அறையில் கூட்டம். மேசையில் விமலாதேவி எடுத்த படங்கள் பரப்பியிருந்தன. டாக்டர் பிரைஸும் பரிசோதனைப் பிரிவின் தலைவரும் அவளும் இருந்தார்கள், கடைசியாக வந்தவர் ராஜரத்தினம். அவர் முகமூடித் தழும்போடு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் பிரைஸ் விஷயத்தை விளக்கினார். இந்த உலோகத்தின் குணம் இது, வெல்டர் மேல் பிழையில்லை, புதுச் சக்கரம் விரிசலை மூடிவிட்டது, இந்த மாதத்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் போதும் என்றார். ஹாலோரனுக்கு மூச்சு வந்தது. ராஜரத்தினத்தின் தோளில் தட்டி, மனம் விட்டுவிடாதே என்றுகூடச் சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

ராஜரத்தினம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்தப் படத்தின் மேல்விளிம்பில் உலோகம் சின்னச் சின்னக் குழிகளாக, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, அலையலையாக நசுங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு கோணல் கோடு. தன் கை விழுந்த தடம் அவருக்குத் தெரியாமல் போகுமா?

அவர் திரும்பினார். அத்தனை பேர் முன்னிலையிலும் தமிழில் கேட்டார்.

“தங்கச்சி, இது அரைச்ச தடமா, தட்டின தடமா?”

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று விமலாதேவிக்கு ஆங்கிலத்தில் எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். இன்று அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு அதையே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

“அண்ணை…” என்றாள்.

“அரைச்சா கோடு கோடா இழுத்திருக்கும்ல?”

“ஓம்.”

“இது அப்படி இல்ல.”

“இல்லை அண்ணை.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ராஜரத்தினம் படத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஹாலோரன் நினைத்தார். என்ன பேசினீர்கள் என்று டாக்டர் பிரைஸ் விமலாதேவியிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜரத்தினம் திரும்பி வந்தார். கையில் அந்தச் சின்னச் சுத்தியல். பிடி அவர் உள்ளங்கைக்குத் தேய்ந்து கறுத்திருந்தது. அதைப் படத்தின் மேல் வைத்தார்.

அவருடைய ஆங்கிலம் பட்டறை ஆங்கிலம். அதில் அவர் சொன்னது இவ்வளவுதான். “சக்கரம் இல்லை. நான் தட்டினேன். எல்லாவற்றையும். வந்த நாளிலிருந்து.”

ஹாலோரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளுத்தது. நன்றாக யோசித்துச் சொல், ஒன்றிரண்டைத் தட்டியிருப்பாய் என்று அவர் வழி காட்டிக் கொடுத்துப் பார்த்தார். ராஜரத்தினம் அந்த வழியில் போகவில்லை.

“எல்லாவற்றையும்,” என்றார் மறுபடி. “விமானங்களை நிறுத்துங்கள்.”

அன்று பகல் முழுக்க அந்த அறையில் தொலைபேசி ஓயவில்லை. எங்கோ செம்மண் பூமியில் இறங்கிய சின்ன விமானங்கள் இறங்கிய இடத்திலேயே நின்றன. ஒரு வாரத்தில், கழற்றிய இதழ்களோடு மரப்பெட்டிகள் வந்து சேரத் தொடங்கின. மேல்தோலை மட்டும் அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டுச் சாயத்தில் முக்கும்படி டாக்டர் பிரைஸ் சொன்னார். அதைச் செய்தவள் விமலாதேவி. நானும் பக்கத்தில் நிற்கலாமா என்று ராஜரத்தினம் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டார்கள். முதல் இதழ் மின்னியது. இரண்டாவதும் மின்னியது. வெல்டின் ஓரமெல்லாம் பச்சைப் பச்சையாக இழைகள். தப்பியவை ஒன்றிரண்டு இருந்தால் பெரிது. ராஜரத்தினம் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் விமலாதேவிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஓர் இதழில் விரிசல் பாதி அகலத்துக்கு ஓடியிருந்தது. ஓட ஓட வளர்ந்த விரிசல். அதை மட்டும் அவர் கீழே வைக்காமல் கேட்டார்.

“இது இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா?”

“உடைஞ்சு டர்பைனுக்குள்ள போயிருக்கும்.”

“அப்புறம்?”

“சக்கரத்தை அடிச்சு நொறுக்கியிருக்கும். எஞ்சின் நிண்டுபோயிருக்கும் அண்ணை.”

அவர் அந்த இதழை மெதுவாகத் தட்டில் வைத்தார். எந்த விமானத்தில் இருந்தது என்று கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததை அவள் படித்திருந்தாள். நோயாளிகளை ஏற்றிப் போகும் விமானம் அது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பட்டறை அதற்குப் பிறகு அந்த உலோகத்தை வெல்டு செய்வதையே நிறுத்திவிட்டது. ராஜரத்தினத்தின் வெல்டிங் உரிமத்தை விமானத்துறைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். தலைவர் பதவி ஸ்காட்லாந்துக்காரருக்குப் போனது. அந்த மனிதர் நல்லவர். ராஜரத்தினத்தைத் தேடி வந்து கைகொடுத்தார். ராஜரத்தினத்துக்குச் சாமான் அறையில் வேலை கொடுத்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று மற்ற வெல்டர்களுக்குக் கையுறையும் வெல்டிங் கம்பியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சுத்தியலை யாரும் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. நெற்றியில் இருந்த தழும்பு நாளாக ஆக மங்கிக்கொண்டு வந்தது.

விமலாதேவிக்கு வேலை தப்பியது. உனக்கு முன்பே தெரியுமா என்று டாக்டர் பிரைஸ் கேட்டபோது ஆம் என்றாள். அவர் சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து அவள் பார்க்கும் ஒவ்வொரு துண்டையும் இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். அது நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. பட்டறையில் அவளைப் பார்த்தால் ராஜரத்தினம் தலையசைப்பார், சாப்பிட்டியா என்று கேட்பார், போய்விடுவார். புஷ்பவல்லி தொலைபேசியில் பேசினாள். அவளுக்கு நடந்தது பாதிதான் தெரியும் போலிருந்தது. மாமா ஏன் வரவில்லை என்று ரஞ்சினி கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

வசந்தம் வந்து, கொல்லைப்புறத்து எலுமிச்சை பூத்த ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் ஹோல்டன் வாசலில் வந்து நின்றது. புஷ்பவல்லி ஒரு பெரிய பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னால் ராஜரத்தினம். அவர் போட்டிருந்தது அந்தப் புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. ரஞ்சினி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

எல்லோரும் பேசினார்கள், சிரித்தார்கள். சாப்பாடு முடியும் நேரத்தில் வரதராஜனும் புஷ்பவல்லியும் குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினம் ரஞ்சினியை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். விமலாதேவி எதிரே நின்றாள். இனியும் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“அண்ணை, என்னை மன்னிக்க வேணும். உங்களுக்கு வேலை போயிடும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்.”

“வேலை போனது போனதுதான்மா. தட்டினது நான். அதுக்கு உன்னை எதுக்கு நோகணும்?” அவர் ஒரு கவளம் உருட்டினார். “நீ என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. அன்னிக்குச் சாயங்காலம் கார்ல காத்துக்கிட்டு இருந்தேனே.”

அவள் மேசையில் இருந்த தட்டுகளை அடுக்கினாள்.

“என்கிட்ட சொன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருவேன்னு நினைச்சியா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பவும் செய்வார். ஆனால் கேள்வி தமிழில் வந்திருந்தது, கேட்டவர் மடியில் அவள் பிள்ளை இருந்தாள்.

“ஓம் அண்ணை,” என்றாள் விமலாதேவி. “நினைச்சனான்.”

வேலை போன அன்று சுருங்காத முகம் அப்போது சுருங்கியது. கையில் இருந்த கவளத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ரஞ்சினி வாயைத் திறந்து காத்திருந்தாள். பிறகு அவளுக்கு அதை ஊட்டிவிட்டு, அடுத்ததை உருட்டினார்.